ஆறாவது பாட்டில்

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தின்னத் தெரியவில்லை. தட்டு வந்ததும் கை தட்டுக்குப் போவதில்லை, போனுக்குப் போகிறது. தட்டைப் படம் பிடித்து, தட்டோடு தன்னையும் படம் பிடித்து, ஐஸ் உருகி ஓடின பிறகு ஒரு கரண்டி வாயில் வைத்து, கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டு எழும்பிப் போகிறார்கள். லெந்து நாள், தவக்காலம் என்கிற நினைப்பும் கிடையாது. நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. இன்றைக்கு நாகர்கோவிலில் மூன்றாம் மாடியில் சாக்லேட் ஊற்று ஓடுகிறது.

யேசுதாசன் இதையெல்லாம் கண்ணால் கண்டது 2014 ஏப்ரல் 12, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தான். அதுவரைக்கும் அவர் எந்த மாலுக்குள்ளும் போனதில்லை. போகவைத்தது காலை 6.40-க்கு வந்த ஒரு போன்.

"பாட்டா, நீரு எனக்குத் தந்தது தேனா, சீனிப் பாகா?"

பேசியது பிரிஜா. முட்டத்துக்காரி. செலின் பிளாசா மாலில் பலாச்சுளையும் ஐஸ்கிரீமும் வைத்து மேலே தேன் ஊற்றி விற்கிறாள். பதினைந்து நாளைக்கு முன்னால் அருமனைக்கு வந்து யேசுதாசனிடம் எட்டு பாட்டில் ரப்பர்த் தேன் வாங்கிப் போனவள்.

"ஏட்டி, காலங்காத்தால என்னத்தப் பேசுதா நீ?"

"நேத்து சாயந்திரம் ஒரு சென்னைக்காரர் தின்னுட்டு, பல்லுல சீனி கரகரங்குதுன்னு சத்தம் போட்டாரு. மேனேஜர் வந்து குளிர் பெட்டியைத் திறந்து பாத்தா, அஞ்சு பாட்டிலும் வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. கலப்படத் தேனுன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு. கடையைப் பூட்டியாச்சு. இண்ணைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஓனர் வந்து கடையைக் காலி பண்ணுத காகிதத்துல கையெழுத்து போட்டாருன்னா முடிஞ்சுது."

"நீ சீனியைக் கலந்துட்டு என் தலையில வைக்கப் பாக்குதியா?"

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சத்தம் குறைந்து வந்தது.

"நான் மஸ்கட்டுல ரெண்டு வருசம் ஹோட்டல்ல கேக்கு செய்துட்டு வந்தப்போ என் பிள்ளை என்னை அக்காண்ணு கூப்பிட்டுது பாட்டா. அம்மைன்னு கூப்பிட வைக்க ஆறு மாசம் ஆச்சு. மறுபடியும் விசா வந்து வீட்டுல கிடக்கு. இந்தக் கடை போச்சுன்னா எனக்கு வேற வழி கிடையாது. நீரு வந்து உம்ம தேனைப் பாரும்."

யேசுதாசனுக்கு எழுபத்திரண்டு வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அந்த மரங்களுக்கு அடியிலேயே இருபது தேன்பெட்டிகள். பேங்கை நம்ப மாட்டார், டாக்டரை நம்ப மாட்டார், மழை வரும் என்று ரேடியோ சொன்னால் துணியை வெளியே காயப்போடுவார். ஆனால் அவர் தேனை இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

காலை 10.05. மாலின் வாசல்.

தரை சர்ச்சுக்குள் இருக்கிற தரையைவிடப் பளபளத்தது. யேசுதாசன் செருப்பைக் கழற்றினார். வாசலில் ஒரு பெரிய பூந்தொட்டி இருந்தது. ஒரு செருப்பைத் தொட்டிக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் மறைத்து வைத்தார். ஒற்றைச் செருப்பை எவனும் களவாண்டு போக மாட்டான்.

"பெரியவரே, செருப்போட போகலாம். கோயில் இல்ல இது," என்றான் காவலாளி.

"அது தெரியுது வேய்," என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். தானாக ஓடுகிற படியை ஒரு நிமிஷம் பார்த்தார். ஓடாத படியில் ஏறினார்.

மூன்றாம் மாடி முழுக்கத் தீனிக் கடைகள். ஒரு இடத்தில் பாலைப் பனித்தகட்டில் ஊற்றி இரும்புத் தகட்டால் சுரண்டிச் சுருட்டினார்கள். ஒரு இடத்தில் காப்பியின் நுரைமேல் ஒரு பெண் இலை வரைந்துகொண்டிருந்தாள். குடித்தால் போய்விடுகிற இலை. நடுவில் அந்தச் சாக்லேட் ஊற்று. இதற்கெல்லாம் ஓரத்தில், ஷட்டர் பாதி இறங்கிய கடையின் முன்னால் பிரிஜா நின்றாள். கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு, அதிலேயே ஒரு சாவி.

யேசுதாசன் நேராகக் கணக்கைத் தொடங்கினார்.

"எட்டு பாட்டில் தந்தேன். காலி பாட்டில் எங்க?"

"அதுவா இப்போ முக்கியம்?"

"என் பாட்டிலு எனக்குத் திரும்பி வரணும். எத்தனை காலியாச்சு?"

"ரெண்டு. கடைசியா இருந்ததை ஊத்துத கிண்ணத்துல வடிச்சாச்சு. ஆறு பாக்கி." அவள் கடைக்குப் பின்பக்கம் இருந்த கூடையைக் காட்டினாள்.

கூடையில் ஒரு பாட்டில்தான் இருந்தது. பிரிஜா கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "ரெண்டும் இங்கதான் கிடந்துது. கழுவி நான்தான் வச்சேன்."

"கழுவின பாட்டிலுக்குக் காலு முளைக்காது. உறைஞ்ச பாட்டில காட்டு."

"அஞ்சையும் மேனேஜர் தன் ரூமுக்குக் கொண்டு போயிட்டாரு. ஒண்ணு மட்டும் குளிர் பெட்டியில இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு பாட்டா. தெளிஞ்சு இருக்கு."

யேசுதாசன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "உறையல்லியா?"

"இல்ல."

"முதல்ல அஞ்சைப் பாப்போம்," என்றார்.

காலை 10.30. மேனேஜர் அறை.

மேனேஜர் குமாரதாஸுக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய உடம்பு, இறுக்கிய டை. மேசையில் ஐந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு தட்டில் கிரீம் பிஸ்கட், அது வந்தவர்களுக்கு. அவருக்கு முன்னால் பால் விடாத ஒரு கட்டஞ்சாயா. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா... கட்டஞ்சாயாதான். சீனி போடல்ல. எப்பவுமே போடமாட்டேன்... பிஸ்கட்டா? தொடவே இல்ல. மத்தியானம் ரெண்டு சப்பாத்தி... சத்தியமா." போனை வைத்தார். நெற்றியைத் துடைத்தார். "யாரு இது?"

"நீரு கள்ளத்தேனுன்னு சொன்னீரே, அந்தத் தேனுக்காரன்."

குமாரதாஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "பெரியவரே, வயசுக்கு மரியாதை தரேன். ஆனா பாருங்க, இது சீனி."

யேசுதாசன் ஜன்னலோரம் வெளிச்சத்துக்குப் போய் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். அடியிலிருந்து கழுத்துவரை வெள்ளை. கழுத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் காலி. மூடியைத் திறந்து விரலால் கொஞ்சம் தோண்டி நாக்கில் வைத்தார். நெய் மாதிரி கரைந்து போயிற்று. பாட்டிலைத் திரும்ப வைக்க நடந்தபோது ஜன்னலோரத் தரை அவர் வலது காலை விட மனமில்லாமல் விட்டது. இந்த மாலில் தரையும் பளபளப்புதான், சுத்தமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"சாரே, ரப்பர்த் தேனு உறையும். கொழுந்து விடுத காலத்துல, இலைக்காம்புல ஊறுதத தேனீச்சி எடுத்து வைக்கும். அதுதான் ரப்பர்த் தேனு. மார்கழிக் குளிருலயே உறைஞ்சிரும். வெயிலுல வச்சா இளகும். இந்தப் பிள்ளை பதினஞ்சு நாளு குளிர் பெட்டியில வச்சிருக்கா. உறையாம என்ன செய்யும்?"

"கெட்டுப் போயிரும்னு பயந்துதான் வச்சேன்," என்றாள் பிரிஜா. "எங்க கடற்கரையில தேனு ஏது?"

குமாரதாஸ் வாய் திறப்பதற்குள் கதவருகே இன்னொரு குரல் கேட்டது. அடுத்த கடைக்காரன் ஷாஜன். வாப்பிளும் சாக்லேட்டும் விற்கிறவன். முப்பது வயது, மார்த்தாண்டம் பக்கம்.

"பாட்டா சொல்லுது சரின்னே வச்சுக்குவோம். அப்போ ஆறாவது பாட்டிலு மட்டும் ஏன் உறையல்ல? ஒரே பெட்டி, ஒரே குளிரு, ஒரே நாளு. ஒண்ணு சுத்தம், அஞ்சு கலப்படம். அதான கணக்கு?"

யேசுதாசன் மேசையிலிருந்த ஐந்தையும் இன்னொரு தடவை எண்ணினார். குமாரதாஸ் ஆறாவது பாட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னிரண்டு மணிக்கு ஓனர் வருவாரு. நான் ஒண்ணும் செய்யதுக்கில்ல."

காலை 10.50. பிரிஜாவின் கடை.

குளிர் பெட்டிக்குள் அட்டைப்பெட்டி. அதற்குள் ஆறாவது பாட்டில். யேசுதாசனின் பாட்டில்தான், சதுரம், தடித்த கண்ணாடி. உள்ளே பொன்னிறத்தில் தெளிந்து கிடந்தது. மூடி வரைக்கும் தளும்பத் தளும்ப இருந்தது.

அவர் அந்த மூடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தார்.

"இது என் தேனில்ல."

"பாட்டா, அது ஒண்ணுதான் நல்லாருக்கு. அதையும் இல்லங்குதீரே."

"எம்புட்டு இனிப்பு இருக்கு, ஒரு மணமாவது இருக்கா? நக்கிப் பாரு. புதுத்தேனு பொங்கும் மக்கா. நான் எந்தப் பாட்டிலுலயும் ரெண்டு விரலு இடம் விட்டுத்தான் நிறைப்பேன். இது தளும்புது. ஒரு காலிப் பாட்டிலக் காணல்ல, இங்க ஒரு பாட்டிலு கூடிப்போச்சு. யாரோ என் தேனு ஒண்ணை எடுத்துட்டு, காலிப் பாட்டிலுல கடைத்தேனை நிறைச்சு வச்சிருக்கான்."

பிரிஜா சாவியைக் கையால் பொத்திக்கொண்டாள். "பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி என் கழுத்துல."

"வேற சாவி?"

"எல்லாக் கடைப் பெட்டிக்கும் ஒவ்வொரு சாவி ஆபீஸுல தொங்கும்."

"யாரு வேணும்னாலும் எடுக்கலாமா?"

"ஆபீஸுக்குள்ள போறவங்க எடுக்கலாம். ஷாஜன்கிட்டயும் பழைய சாவி இருக்கலாம். போன வருசம் இந்த இடம் ஒரு மாசம் அவன்கிட்ட இருந்துது."

"நேத்து நீ எப்போ கடையில இல்ல?"

"ரெண்டரையில இருந்து நாலரை வரை. சிலுவைப்பாதைக்குப் போனேன். தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை நான் போவேன்னு இந்த மாடியில எல்லாருக்கும் தெரியும்."

யேசுதாசன் ஷாஜனின் கடைக்குப் போனார்.

"ஏலே, இந்தப் பிள்ளையோட இடம் உனக்கு வேணுமா?"

ஷாஜன் வாப்பிள் அச்சை மூடினான். "வேணும் பாட்டா. ஓரத்துக் கடை, கூட்டம் நிக்க இடம் உண்டு. கேட்டு வாங்குவேன். களவாண்டு வாங்க மாட்டேன்."

"சாவி?"

"அண்ணைக்கே ஆபீஸுல குடுத்து எழுதி வாங்கியாச்சு."

"நேத்து மூணு மணிக்கு நீ எங்க நின்னா?"

"இங்கதான். காலேஜுல இருந்து நாப்பது பிள்ளைகள் வந்துது. ஒண்ணுக்குப் போக நேரமில்ல."

அவன் சொன்னதை யேசுதாசன் நம்பவில்லை. நம்பாமல் அவன் கடைக்குப் பின்னால் போய் நின்றார். கால் தரையில் ஒட்டியது.

குனிந்து பாதத்தை விரலால் தொட்டு முகர்ந்தார். சாக்லேட்.

அப்போதுதான் அவருக்கு இன்னொரு இடத்தில் ஒட்டியது நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு ஒட்டலை வைத்து ஒரு ஆளைக் கள்ளன் என்று சொல்கிற புத்தி அவருக்கு இல்லை. முழுசாகப் பார்த்துவிடலாம் என்று நடந்தார்.

காலை 11.00 முதல் 11.25 வரை அந்த மாடியில் ஒரு கிழவர் வெறுங்காலோடு கடை கடையாக ஏறி இறங்கினார். காப்பிக் கடையில் ஒட்டியது பால். சுருட்டுகிற ஐஸ் கடையில் மாம்பழம். ஜூஸ் கடையில் சீனிப்பாகு. ஆவியில் வேகவைத்த மாவு உருண்டை விற்கிற இடத்தில் எண்ணெய்; வழுக்கியது, ஒட்டவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ருசி பார்க்கச் சின்னக் கரண்டியில் எதையோ நீட்டினார்கள். நாலில் மூன்றை வாங்கினார். எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டாவதை மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார், சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

பின்னாலேயே ஒரு துடைப்பம் வந்தது. தேவகனி. மாடி துடைக்கிறவள், குலசேகரத்துக்காரி.

"பாட்டா, உம்ம காலு பட்ட இடமெல்லாம் நான் மறுபடியும் துடைக்கணும். கொஞ்சம் ஒரு இடத்துல நில்லும்."

"நீ துடைச்சா ஏன் ஒட்டுது?"

"சப்பாத்து போட்டவனுக்கு ஒட்டாது. உமக்கு மட்டும்தான் ஒட்டும். தண்ணியில ஒரு தரம் துடைச்சா இனிப்பு போவுமா? வெந்நி வேணும். யாரு தருவா?"

"ஒரு நாளைக்கு எத்தனை நேரம் நீ துடைப்பா?"

"மாடி ரெண்டு நேரம். ஆபீஸ் ரூமு ஒரு நேரம். நேத்து மேனேஜரு அதையும் மூணு நேரமாக்கிட்டாரு. குனிஞ்சு குனிஞ்சு என் நடுவு ஒடிஞ்சுது."

"ஏன்?"

"கட்டஞ்சாயா கொட்டிச்சுன்னாரு. மூணு மணி வாக்குல. கண்ணாடி கிளாஸும் உடைஞ்சுதாம், அவரே பொறுக்கி எடுத்துட்டாரு. சாயாவைத் துடைக்க மூணு தரமா? நான் கேக்க முடியுமா?"

யேசுதாசன் அப்படியே நின்றார்.

"உங்க ஊருலயும் ரப்பர் தான?"

"ரப்பர் இல்லாத இடம் ஏது அங்க?"

"தேனு?"

"வீட்டுல இருக்கு. மார்கழியில கரண்டியால தோண்டித்தான் எடுக்கணும்."

"அப்போ நேத்து அந்த மனுசன் கலப்படம்னு சொன்னப்போ நீ ஏன் வாயைத் திறக்கல்ல?"

தேவகனி துடைப்பத்தைப் பிழிந்தாள். "என்கிட்ட யாரு கேட்டா?"

காலை 11.40. மேனேஜர் அறை. பிரிஜா, ஷாஜன், தேவகனி மூன்று பேரையும் யேசுதாசன் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறாவது பாட்டிலைக் கொண்டுவந்து ஐந்துக்குப் பக்கத்தில் வைத்தார். குமாரதாஸ் எழுந்துகொண்டார்.

"இது என்ன கூட்டம்? ஓனர் வர நேரம்."

"இருபது நிமிசம் இருக்கு. ஒரு காரியம் கேக்கேன். ஆறு பாட்டிலு உண்டு. அஞ்சைத் தூக்கிட்டு வந்தீரு. ஆறாவதை ஏன் விட்டீரு?"

"அது சரியா இருந்துது."

"ஒருத்தி கலப்படம் செய்யான்னா, அவகிட்ட இருக்கது எல்லாத்தையும்தான பிடுங்கணும்? தெளிஞ்ச பாட்டிலைத்தான முதல்ல சந்தேகப்படணும், இதுல வேற என்னத்தக் கலந்திருக்கான்னு? நீரு அதைத் தொடவே இல்ல. அது அவ தேனில்லன்னு உமக்குத் தெரியும்."

குமாரதாஸ் சிரிக்கப் பார்த்தார். "நல்லா கதை சொல்லுதீங்க பெரியவரே."

"இன்னும் இருக்கு. சென்னைக்காரன் தின்னது ஒரு தட்டு. குறை சொன்னதும் ஆருன்னாலும் அந்தத் தட்டைப் பாப்பான், ஊத்தின கிண்ணத்தைப் பாப்பான். நீரு நேரா குளிர் பெட்டியைத் திறந்து, உள்ள இருக்க அட்டைப்பெட்டியைத் திறந்து, மூடி திறக்காத பாட்டிலை எடுத்தீராம். அதுக்குள்ள சீனி கிடக்கும்னு உமக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?"

பிரிஜா குமாரதாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மூணு மணிக்கு இங்க என்ன கொட்டிச்சு?" யேசுதாசன் விடவில்லை.

"சாயா. தேவகனியைக் கேளுங்க."

"கேட்டாச்சு." யேசுதாசன் ஜன்னலோரம் போனார். வலது காலை அழுத்தி வைத்து, மெல்லத் தூக்கினார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சின்னச் சத்தம் வந்தது. "கட்டஞ்சாயா எப்பவும் சீனி போடாமத்தான் குடிப்பீரு. வீட்டுக்காரிகிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னீரு, நானும் கேட்டேன். சீனி இல்லாத சாயா காய்ஞ்சா கறை பிடிக்கும். காலைப் பிடிக்காது."

அவர் குனிந்து அந்தத் தரையைத் தொட்ட விரலைத் தேவகனியிடம் நீட்டினார். அவள் முகர்ந்தாள்.

"ரப்பர்த் தேனு," என்றாள். "எங்க வீட்டு மணம்."

"நீங்க எல்லாரும் சப்பாத்து போட்டு நடக்கீங்க. உங்களுக்கு இந்தத் தரை எதையும் சொல்லாது," என்றார் யேசுதாசன். "ஆபீஸ் சாவியில பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்ததும் நீருதான். அது இங்க விழுந்து உடைஞ்சுது. கூடையில கிடந்த காலிப் பாட்டிலுல கடைத்தேனை நிறைச்சு வச்சதும் நீருதான்."

குமாரதாஸ் உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார். தளர்த்தினதும் அவர் வேறு ஆள் மாதிரி தெரிந்தார்.

"மூணு வருசமாச்சு," என்றார். "சுகர். காலையில இருந்து சாயந்திரம் வரை இந்த மாடியில நிக்கேன். முப்பது கடை. வெண்ணெய், சாக்லேட், பலாப்பழம் எல்லா மணமும் என் மூக்குலதான் ஏறும். வீட்டுல அவ மணிக்கு ஒரு தரம் போன் பண்ணுவா. இந்தப் பிள்ளை தேனை ஊத்தும்போது நான் திரும்பி நின்னுக்குவேன். நேத்து ஒரு கரண்டி. ஒரே ஒரு கரண்டி நினைச்சுத்தான் எடுத்தேன். மூடியைத் திருகப் போறேன், போன் அடிச்சுது. கை நழுவிடுச்சு."

"நக்கிக்கூடப் பாக்கல்லியா?" என்றான் ஷாஜன்.

"இல்லடே."

ஷாஜன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"கீழ விழுந்து கிடந்ததைப் பாத்தா வெள்ளை வெள்ளையா சீனி மாதிரி இருந்துது," என்றார் குமாரதாஸ். "சத்தியமா இது கலப்படம்னுதான் நினைச்சேன். அதை வெளியில எப்படிச் சொல்லுவேன்? நான் எடுத்தது தெரிஞ்சுரும். எண்ணிப் பாத்தா ஒண்ணு குறையுமேன்னு கீழ சூப்பர் மார்க்கெட்டுல தேன் வாங்கி நிறைச்சு வச்சேன். சாயந்திரம் அந்த ஆளு சத்தம் போட்டதும், நினைச்சது சரியாப் போச்சுன்னு... பொய்யா சொல்லணும்னு சொல்லல்ல பிரிஜா."

"கேட்டிருந்தா நான் ஒரு கரண்டி தந்திருப்பேனே சாரே," என்றாள் பிரிஜா. அவள் கண் நிறைந்திருந்தது. குரலில் அது தெரியவில்லை. "ஒரு கரண்டிக்காக என் பிள்ளையை விட்டுட்டு நான் கப்பல் ஏறியிருக்கணும்."

"இப்போ நான் என்ன செய்யணும்?" என்றார் குமாரதாஸ்.

பதில் யேசுதாசனிடமிருந்து வந்தது. "நேத்து எங்க நின்னு கள்ளத்தேனுன்னு சொன்னீரோ, அங்க போய் நின்னு சொல்லும். அதே சத்தத்துல."

காலை 11.55. சாக்லேட் ஊற்றுக்குப் பக்கத்தில் நின்று குமாரதாஸ் சொன்னார். அந்தத் தேன் சுத்தமானது, உறைவது அதன் இயல்பு, தவறு தன்னுடையது, மாலின் தவறுகூட இல்லை. போனைத் தட்டுக்குமேல் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் போனை அவர் பக்கம் திருப்பினார்கள். பிறகு அவரே பிரிஜாவின் ஷட்டரைத் தூக்கிவிட்டார். ஓனரின் கார் வந்தது என்றதும் டையை இறுக்காமலே கீழே இறங்கிப் போனார்.

12.20-க்குத் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "எல்லாத்தையும் சொல்லிட்டேன். நிறையத் திட்டினாரு. உன் காகிதத்துல கையெழுத்து போடல்ல." அவர் போன் அடித்தது. எடுத்தார். "ஆமாம்மா. ஒரு காரியம் சொல்லணும். சாயந்திரம் வந்து சொல்லுதேன்... இல்ல, திங்கல்ல. திங்கப் போனேன்."

பிரிஜா உறைந்த பாட்டில் ஒன்றைத் திறந்தாள். இளக்குவதற்கு வெந்நீர் வைக்கப் போனவள் நின்றாள். ஒரு தட்டையான கரண்டியால் தேனை மேலாகச் சுரண்டினாள். மெல்லிய வெள்ளைச் சுருளாக வந்தது. பலாச்சுளைமேல், ஐஸ்கிரீம்மேல் அதை வைத்தாள். ஒரு அட்டையில் 'அருமனை உறைதேன்' என்று எழுதி நிறுத்தினாள். முதல் தட்டைத் தேவகனிக்குக் கொடுத்தாள். அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து தின்றாள். இரண்டாவதை ஷாஜன் கேட்டு வாங்கினான். அதற்குள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

கூட்டத்துக்கு நடுவில் அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள். எதிர்முனையில் அவள் தாய் வியாகுலம்மாள்.

"அம்மோ, அந்த விசாக் காகிதத்தைத் திருப்பி அனுப்பிரு. ஆமா, வேண்டாம்னு சொல்லிரு. பிள்ளைகிட்ட குடு போனை... ஆமாம்மா, அம்மைதான். சாயந்திரம் வருவேன்."

யேசுதாசனுக்கும் ஒரு தட்டு வந்தது. அவர் முதலில் தேன் சுருளை மட்டும் எடுத்துத் தின்றார். பிறகு பலா. பிறகு மற்றதெல்லாம். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

"எப்படி இருக்கு பாட்டா?"

"தேனு கொள்ளாம். மத்ததெல்லாம் குளிரு."

"அடுத்த மாசம் பத்து பாட்டிலு வேணும்."

"காலிப் பாட்டிலைக் கழுவித் தா. அந்தக் கடைத்தேனை என் பாட்டிலுல வைக்காத. குளிர் பெட்டியைப் பூட்டினா சாவியை ஆபீஸுல தொங்க விடாத." அவள் ஆறாவது பாட்டிலைக் காலி செய்து கழுவித் தந்ததும், கூடையில் இருந்ததோடு சேர்த்து இரண்டு காலிப் பாட்டில்களைப் பையில் போட்டு, பைக்குள் கையை விட்டு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இனி என்னை நம்புவீரா?" என்று சிரித்தாள்.

"பாப்போம்."

ஓடாத படியில் இறங்கி வாசலுக்கு வந்தார். பூந்தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒற்றைச் செருப்பைக் காணவில்லை. அந்தப் பக்கமும் இல்லை. குனிந்து தொட்டிக்குப் பின்னாலும் தேடினார். காவலாளியின் நாற்காலிக்கு அடியில் இரண்டும் ஜோடியாக, மூக்குகள் வெளிப்பக்கம் பார்க்க, அழகாக அடுக்கி இருந்தன.

"சிதறிக் கிடந்துது பெரியவரே. யாராவது தள்ளி விட்டுருவாங்கன்னு எடுத்து வச்சேன்," என்றான் காவலாளி.

யேசுதாசன் செருப்பை ஒவ்வொன்றாகத் திருப்பி அடியைப் பார்த்தார். குதிகால் தேய்ந்த விதம் அவருடையதுதான். வாரில் போட்ட தையலும் அவருடையதுதான். காலில் மாட்டி இரண்டு எட்டு வைத்துப் பார்த்தார். பாதத்தில் இன்னும் தேன் இருந்தது. செருப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஒரு ஆள் சும்மா எதற்கு இன்னொருத்தனுடைய செருப்பை எடுத்து அடுக்கி வைப்பான்? போட்டுப் பார்த்திருப்பான். அளவு சேர்ந்திருக்காது. அவ்வளவுதான்.

காவலாளியை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.